மாப்பிள்ளை வீட்டு நாய்க்குக் கலவை போட்ட விவரம்

எம். புதுப்பட்டி,
28.10.2007, ஞாயிறு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பிரபாகரன் அவர்களுக்கு,

மாமனார் ஆண்டிச்சாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அத்தையும் சுகம். அவ்விடம் தாங்களும் மகள் இசைவாணியும் பெங்களூர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் நாய் ப்ரூனோவும் சுகம். அதனுடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க என்பதால் மற்றவர்கள் சுகத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைக்கலாம். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலோ மொட்டை மாடியில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும், அங்கே நின்று பேசினால் மாப்பிள்ளைக்குக் கேட்கிறதோ இல்லையோ தெருவுக்கே கேட்கும். அதோடு ஒரு மாமனார் மாப்பிள்ளையிடம் போனில் நீட்டி முழக்கினால் ஏதோ கேட்கப்போகிறார் என்று ஆகிவிடும். நான் எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. புது வீட்டுக்குக் குடிபோய்விட்டோம், தீபாவளிக்கு வரும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சென்ற வாரம் சொன்னீர்கள். தாராளமாக வாருங்கள், நாய் தயாராக இருக்கிறது. ஆனால் அதே போனில், "மாமா, பழைய சோறு போட்டு நாயைக் கெடுத்து வச்சிருக்க மாட்டீங்களே" என்றும் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். நானும் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமுக்கு ஃபோர்மேனாக இத்தனை வருஷம் இருந்து, ஒரு ஆளுக்குச் சுண்டுவிரல்கூடக் கருகாமல் பார்த்துக்கொண்டவன், ஒரு நாய்க்குச் சாப்பாடு கலக்கத் தெரியாதவன் என்று மாப்பிள்ளை மனதில் இருக்கக் கூடாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் குட்டியாக வாங்கிய நாயை, ஃப்ளாட்டில் வளர்க்கக் கூடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள் என்று, சொந்த வீட்டுக்குக் குடிபோகும் வரைக்கும் எங்களிடம் விட்டுப் போனீர்கள். கூடவே கம்பெனித் தீனி ஒரு மூட்டையும் அளந்து போட ஒரு பிளாஸ்டிக் குவளையும் கொடுத்தீர்கள். நாங்களும் குவளையால் அளந்துதான் போட்டோம். அந்த அளவை யாரும் நாயிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சாத்தூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு நாங்கள் திரும்புவதற்குள் மூட்டையை ஓரமாகக் கடித்துத் திறந்து, தின்ன முடிந்த மட்டும் தின்று, மீதியின் மேல் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டு, அந்த ஈரத்திலேயே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஊறிய தீனியைக் கோழிகள் முடித்துவைத்தன. அதே மாதிரி மூட்டை வேண்டும் என்று சிவகாசியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் மீன் தொட்டிக்குப் போடும் தீனியைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

எங்கள் தெருவில் நாய்களுக்கு மிஞ்சின சோறும் குழம்பும்தான். மாப்பிள்ளை வீட்டு நாய்க்கு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. கறிக்கடை கருப்பணனிடம் சொல்லிவைத்து, எலும்பு ஒரு துண்டு இல்லாமல், சவ்வு எடுத்து, தனிக் கறியாக வாங்கி, வேளா வேளைக்குக் கறி. சோறு ஒரு பருக்கை கிடையாது. நானும் தங்கள் அத்தையும் ரசமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், அது எங்கள் எதிரில் உட்கார்ந்து கறி சாப்பிடும். முடி பளபளவென்று வெள்ளித்தாள் மாதிரி மின்னியது. சாயங்காலம் அதைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்வருவேன். யாருடைய நாய் என்று கேட்பார்கள், எங்க மாப்பிள்ளையோடது, பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார் என்பேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் நாய் படியேற யோசிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஓடுவதை நிறுத்தியது. பிறகு பார்த்தால் முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, அச்சாபீஸில் போடுகிற அடைப்புக்குறி மாதிரி நிற்கிறது. தொட்டால் முனகுகிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது, மாப்பிள்ளை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது ஒரு குறையும் சொல்லாத மனுசன், ஒரே ஒரு பொருளை நம்பி எங்கள் கையில் கொடுத்தார், அதை வளைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமே என்று எனக்குக் கம்பெனியில் வேலை ஓடவில்லை. எதிர்வீட்டுச் சோலைமலை வந்து பார்த்துவிட்டு, நெஞ்சளவு ஆற்று மணலில் புதைத்து நிறுத்தினால் கால் நேராகிவிடும் என்று சொன்னான். மணல் அடித்துக் குழி தோண்டினோம். நாய் அதை விளையாட்டு என்று நினைத்து, முடியாத காலோடு பக்கத்தில் தானும் ஒரு குழி தோண்டி அதில் படுத்துக்கொண்டது. அது தோண்டிய குழியிலிருந்து சோலைமலையின் காணாமல் போன செருப்பு ஒன்று வெளியே வந்ததில் அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகுதான் கிஃப்ட் பாக்ஸ் அட்டை லோடு ஏற்றிய கம்பெனி வேனில் நாயை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கற்பகவல்லி என்று ஒரு டாக்டரம்மா. வயது நம்ம இசைவாணியைவிட ரெண்டு மூணு கூட இருக்கலாம். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கறியைத் தவிர வேறு எதுவும் வாயில் வைத்ததில்லை என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நல்லா வளர்க்கிறதா நினைச்சுப் பட்டினி போட்டிருக்கீங்க. வயித்துக்குப் பட்டினி இல்ல, எலும்புக்குப் பட்டினி" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். எலும்பு வளரக் கால்சியமும் பாஸ்பரஸும் வேணும், கறியில் பாஸ்பரஸ் குவிந்து கிடக்கிறது, கால்சியம் இல்லவே இல்லை என்று சொல்லலாம், அதனால் உடம்பு என்ன செய்கிறது என்றால் கால்சியத்துக்குத் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது, வளர்கிற குட்டிக்குக் கால் வளையாமல் என்ன செய்யும் என்றார். இதில் கால்சியம் வரைக்கும் நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். பாஸ்பரஸ் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எங்கள் பக்கத்தில் பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டிப் பட்டையில் தடவுகிற மருந்து. அதையும் குச்சி முனை மருந்தையும் ஒரே ரூமில் வைக்கக் கூடாது என்று இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். "நாய் உடம்புக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டேன். "உங்க உடம்புக்குள்ளயும் இருக்கு" என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கன்றுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்படியிலிருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பொறுக்கி, மாட்டுக்கொட்டத்துப் பரணில் வைத்தேன். வெடியுப்பு ஞாபகத்தில் உப்பு ஜாடி ஒரு மூலை, கறி இன்னொரு மூலை, நடுவில் நனைந்த சாக்கு. அடுப்பு பற்றவைக்க வேண்டுமென்றால் தங்கள் அத்தை கொட்டத்துக்குப் போய் வர வேண்டும். ரெண்டு வேளை பொறுத்தாள். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணமான நாள்ல இருந்து இதே அடுப்புலதான் கறி வேகுது. அம்புட்டு நாளும் வெடிக்காத கறி, டாக்டரம்மா பேரச் சொன்ன உடனே வெடிக்கப் போகுதாக்கும்" என்று கேட்டாள். தீப்பெட்டியை மட்டும் திரும்பக் கொடுத்தேன்.

அடுத்த தடவை போனபோது இதைச் சொன்னேன். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கறியில் இருக்கிறது வேறொன்றோடு பிணைந்து கிடக்கிற பாஸ்பரஸ், அது தீப்பிடிக்காது என்று விளக்கமாகச் சொல்லி என் பயத்தைப் போக்கினார். அதோடு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு விடிந்தது. "கால்சியம் பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். விகிதம் சரியா வரணும், அவ்வளவுதான்" என்றார். விகிதமா? விகிதத்தில்தானே மாப்பிள்ளை நான் சாப்பிடுகிறேன். வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியப் பவுடர் எவ்வளவு, எதில் ஒரு சிட்டிகை கூடினால் புஸ்ஸென்று போகும், எதில் குறைந்தால் பூ விரியாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "அம்மா, நீங்க சரக்கு என்ன என்னன்னு மட்டும் சொல்லுங்க, கலக்குறது என் பொறுப்பு" என்றேன். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நோயாளிகள் குறைவு. உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து ப்ரூனோவுக்குக் கறி இருக்கிறது, ஆனால் தனிக்காட்டு ராஜாவாக இல்லை. குழைய வேகவைத்த சோறு உண்டு, பூசணியும் கேரட்டும் முருங்கைக் கீரையும் உண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சாளை மீன், முட்டை, கொஞ்சம் எண்ணெய், நகத்தளவு ஈரல். வெங்காயம், பூண்டு, திராட்சை கிட்டவே வரக் கூடாது, வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. கால்சியத்துக்கு முட்டை ஓடு. ஈரல் நல்லது என்று சொன்னாரே என்று முதல் நாள் நான் ஒரு பிடி அள்ளிப் போட்டதில் நாய் கொல்லைக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. ஈரலில் ஒரு சத்து அதிகம் சேர்ந்தால் எலும்புக்கே ஆகாது என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். முட்டை ஓட்டைத் தங்கள் அத்தை பாசத்தில் கூட ரெண்டு கரண்டி தூவியதில் அது அப்படியே நேர்மாறாகி, கொல்லைக்கே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் அளவு என் கையில், தராசு என் கையில். அவள் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கலக்குகிற முறையையும் சொல்கிறேன், தங்களுக்குப் பெங்களூரில் உதவும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் கலவை. பருத்தி வேட்டி, வெறுங்கால். இரும்புச் சட்டி கூடாது, மரக் கரண்டிதான். கலக்கும் இடத்துக்கு ரெண்டு பக்கமும் வாளியில் தண்ணீர். கம்பெனியில் மருந்து ரூமுக்குள் போகுமுன் வாசலில் ஒரு செம்புத் தகட்டை எல்லோரும் கையால் தொட வேண்டும். உடம்பில் தங்கியிருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடும், இல்லையென்றால் பொறி தட்டும். பழக்கதோஷம், அது இல்லாமல் எனக்குக் கலவையில் கை போகாது. அதனால் கொல்லைச் சுவரிலும் ஒரு தகடு அடித்தேன். நாய்ச் சாப்பாட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு வேளையும் கிராம் சுத்தமாக வர வேண்டாம், ஒரு வாரத்தில் மொத்தமாகச் சரியாக வந்தால் போதும் என்றுகூடச் சொன்னார். நல்ல டாக்டர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைச் சக்கரத்தில் மருந்து கூடிப்போனால் செவ்வாய்க்கிழமைச் சக்கரத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, நான் தகட்டைத் தொடுவதைத் தினம் பார்த்துப் பார்த்து நாயும் பழகிவிட்டது. இப்போது சாப்பிடுவதற்கு முன்னால் எழுந்து போய் வலது முன்னங்காலைத் தூக்கித் தகட்டில் வைத்துவிட்டு வந்துதான் தட்டில் வாய் வைக்கும். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

முட்டை ஓட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாப் புரோட்டாக் கடை முத்துராமலிங்கம் தினமும் ஒரு வாளி நிறைய எடுத்துவைக்கிறான். கழுவி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வறுத்து, இடித்து, கம்பெனியில் கழித்துப்போட்ட நைஸ் சல்லடையைச் சுத்தமாகக் கழுவி அதில் சலித்தால், விரலில் ஒட்டினால் ஊதிவிடலாம், அவ்வளவு மென்மை. இந்த மென்மைதான் என்னை மாட்டிவிட்டது. தீபாவளி சீசன், ஊரில் ஆர்டர் முடிக்க எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிற நேரம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்கிறவர்களைப் பிடிக்க அதிகாரிகளும் ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரம் பார்த்து, ஃபோர்மேன் ஆண்டிச்சாமி வீட்டுக் கொல்லையில் மருந்து கலக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், செருப்பு விவகாரத்தை மேலே எழுதியிருக்கிறேன், பெயரைத் திரும்ப எழுத விரும்பவில்லை.

ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. சூலக்கரைக் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி, ஒரு எஸ்.ஐ., கூட ரெண்டு போலீஸ். அவர்கள் வந்த நேரத்தில் நான் பருத்தி வேட்டியோடு வெறுங்காலில் நிற்கிறேன், ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் சல்லடை, பேப்பரில் வெள்ளைப் பவுடர் காய்கிறது, சுவரில் செம்புத் தகடு, ரெண்டு வாளி தண்ணீர். போதாததற்கு, கோழி வராமல் மறைப்பாக இருக்கட்டும் என்று கம்பெனியில் கழித்த பழைய போர்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தேன், அதில் 'தீப்பெட்டி கொண்டுவராதீர்' என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக இருக்கிறது. அதிகாரி அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். எஸ்.ஐ. மட்டும், அவரும் தூரத்திலிருந்துதான், என்னய்யா இது என்றார். நாய்ச் சாப்பாடு சார் என்றேன். உண்மையைச் சொல்கிறபோது ஒருவன் முகம் அவ்வளவு திருட்டு முகமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "எந்த ஊர்லய்யா நாய்க்குச் சல்லடையும் தராசும் வச்சுச் சோறு போடுறான்?" என்று கேட்டார். வீட்டில் மருந்து பிடித்தார்கள் என்று பேர் வந்தால் ஃபோர்மேன் வேலை போகும், அதைவிட, மாப்பிள்ளை தீபாவளிக்கு வரும்போது நான் எங்கே இருப்பேன், நாய்க்கு யார் நிறுத்துப் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளையன்தான் காப்பாற்றினான். மன்னிக்கவும், ப்ரூனோ என்று எழுதியிருக்க வேண்டும். தங்கள் அத்தை அவனை வெள்ளையன் என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டாள், ப்ரூனோ என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறோம் என்று பக்கத்து வீட்டைப் பார்க்கிறான். அவன் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்று கொட்டத்திலிருந்து வந்தான், போலீஸை ஒரு பார்வை பார்த்தான், நேராகச் சுவரிடம் போய்க் காலைத் தூக்கித் தகட்டில் வைத்தான், திரும்பி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் அவர்கள் பார்க்கவே நிறுத்து, பவுடரைத் தூவி, மரக் கரண்டியால் கிண்டி வைத்தேன். பவுடரை முதலில் நீ தின்னு என்றார் எஸ்.ஐ. ஒரு கரண்டி வாயில் போட்டேன், மாவு மாதிரிதான் இருந்தது. நாய் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எஸ்.ஐ.யின் பூட்ஸை முகர்ந்தது. அதிகாரி அப்போதுதான் பக்கத்தில் வந்தார். தங்கள் அத்தை எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். காப்பி குடித்துக்கொண்டே அந்த அதிகாரி தயங்கித் தயங்கி, தன் வீட்டில் ஒரு பொமரேனியன் இருக்கிறது, பிஸ்கட்டும் பாலும்தான் தின்னும், முடி கொட்டுகிறது, அதற்கு ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். பிஸ்கட்டை நிறுத்துங்க, டாக்டரம்மாவிடம் காட்டுங்க, சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிடிக்க வந்த ஜீப்பில் ஒரு டப்பா முட்டை ஓட்டுப் பவுடர் ஏறிப் போனது.

அதிலிருந்து நம்ம வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆலங்குளத்திலிருந்து ஒருவர், சிமெண்ட் ஆலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வேண்டிய மட்டும் கிடக்கிறதே, அதுவும் கால்சியம்தானே, எதற்கு முட்டை ஓட்டுக்கு அலைகிறீர்கள் என்று அரை மூட்டை பொடியோடு வந்துவிட்டார். நாய்க்குச் சாப்பாடு போடுகிறேன், தளம் போடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். டாக்டரம்மா சென்ற மாதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கால் ரெண்டும் நேராகிவிட்டது. பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இவர் வீட்டுக் கலவையில் வந்த எலும்பு, பாருங்கள் என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எத்தனையோ கம்பெனி முதலாளிகள் என் கலவையில் வந்த பூவைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். அது ஒரு நிமிஷத்தில் கருகிப்போகிற பூ. இது நடக்கிறது, ஓடுகிறது, கம்பெனி வேனைத் துரத்துகிறது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வெடிச் சத்தத்துக்கு மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஒளியும், இவன் காதைக்கூட அசைக்க மாட்டான், சரம் எங்கேயாவது நடுவில் அணைந்தால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பான். காது நன்றாகக் கேட்கிறது, டாக்டரம்மா சோதித்துவிட்டார். புதுப்பட்டியில் வளர்ந்தவன், அவ்வளவுதான்.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் தயங்காமல் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு டின் முட்டை ஓட்டுப் பவுடர் சலித்து மூடி வைத்திருக்கிறேன். சின்னத் தராசு ஒன்றும், செம்புத் தகடும் கட்டித் தருகிறேன், சமையலறைப் பக்கம் அவனுக்கு எட்டுகிற உயரத்தில் அடித்துவிடுங்கள். கலக்கும்போது பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அவன் சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கூட ரெண்டு வாய் சாப்பிடுவான், இங்கே நான் இருப்பேன். மற்றபடி எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. பொறுப்பாக ஒப்படைத்த பொருளைப் பொறுப்பாகத் திருப்பிக் கொடுக்கிறோம், அந்த நிம்மதி போதும். தங்கள் அத்தைதான் அடிக்கடி மூக்கைச் சிந்துகிறாள், பெண்பிள்ளைகள் அப்படித்தான். நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

தங்கள் புது வீட்டில் விளக்கு அணையாமல், அடுப்பு ஓயாமல், வாசலில் எப்போதும் நல்ல செருப்புகள் கிடக்க, தாங்களும் இசைவாணியும் சகல பாக்கியத்தோடும் இருக்க எங்கள் இருளப்பசாமியை வேண்டிக்கொள்கிறோம். சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பெ. ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் சரிதான். ஆனால் கவரை ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை நாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உடம்பு அவ்வளவு சரியில்லை. உற்றுப் பார்த்தால் இடது முன்னங்கால் ஒரு நூல் அளவுக்கு வளைவாகத் தெரிகிறது. இந்த நிலையில் பிரயாணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்வார் என்று நினைக்கிறேன், இன்று ஞாயிறு ஆனதால் கேட்க முடியவில்லை. பெங்களூர் முட்டை ஓடு எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை. ஆகவே தீபாவளிக்கு நாயை அனுப்ப இயலாத நிலை. பொங்கலுக்குப் பார்க்கலாம். பொங்கல் சமயம் அங்கே குளிர் இன்னும் அதிகம் என்கிறார்கள். தப்பாக நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு அத்தை அய்யம்மாள் எழுதுறது. தபால்பெட்டியில போடச் சொல்லி எங்கிட்டக் குடுத்தாக, பிரிச்சுப் படிச்சேன். நாய்க்கு ஒண்ணுமில்ல, கால் நேராத்தான் இருக்கு. இவுகளுக்குத்தான் நீங்க போன் பண்ணுனதுல இருந்து சோறு இறங்கல. வெள்ளையன் தட்டுக்கு முன்னால உக்காந்து, நல்லாச் சாப்பிடுய்யா, அங்கன யாரு உனக்கு நிறுத்துப் போடப் போறான்னு பேசிக்கிட்டே இருக்காக. அது உங்க நாய்தான், கூட்டிட்டுப் போகணும்னா போங்க, நான் ஒண்ணும் சொல்லல. அது போயிட்டா, தகட்டக் கழட்டின வெறுஞ்சுவத்தத் தொட்டுக்கிட்டு இவுக நிப்பாக, அத எப்பிடிப் பாக்குறதுன்னுதான் தெரியல. தீவாளிக்கு நீங்களும் இசைவாணியும் கண்டிப்பா வாங்க, கறி எடுத்து வைக்கிறோம். நாயப் பத்தி மட்டும் நீங்களா ஒண்ணும் கேக்காதீக.